டவர் மருமகள்

ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்த காலத்தில், சுகந்திக்கு ஊரில் பாதிப் பேரை முகத்தை வைத்துத் தெரியாது, போனை வைத்துத்தான் தெரியும்; ஓரம் உடைந்த கண்ணாடியை மாற்றாமலே ஓட்டுகிற பூக்காரம்மா, மெமரி நிரம்பி வழிந்தாலும் பேரன் அனுப்பிய குட்மார்னிங் படத்தில் ஒன்றைக்கூட அழிக்க மனசு வராத ரிட்டயர்டு வாத்தியார், பேட்டர்னை மறந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கிற ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரியின் சூப்பர்வைசர் என்று ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினாலே என்ன மாடல், எந்த வருஷத்தது, ஒருதரம் விழுந்ததா பலதரம் விழுந்ததா என்று சொல்லிவிடுவாள். புதுப் போனின் பெட்டியைப் பிரிக்கும்போது வருகிற வாசனைக்காகவே சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அந்தக் கடையில் இருந்தாள். சாயங்காலங்களில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, எந்தப் போன் நல்லது, எது ஏமாற்று, எதற்கு எவ்வளவு சார்ஜ் நிற்கும் என்று பேசி வீடியோ போடுவாள். பார்க்கிறவர்கள் அதிகமில்லை. ஆனால் பார்த்தவர்கள் சந்தேகம் கேட்டார்கள், கேட்ட ஒவ்வொருவருக்கும் சுகந்தி பதில் எழுதினாள்.

அப்பா மலையிலிருந்து பிழைக்க இறங்கி வந்தவர். அவருடைய அக்கா குப்பாயி மலை மேலே நெல்லிப்பாறையில் இருந்தாள், அவள் மகன் அழகேசன் ஜீப் ஓட்டினான், மிளகும் காப்பிக்கொட்டையும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு வாரச் சந்தைக்கு வருகிறவன். பொண்ணு கேட்டு வந்த அன்றைக்கு அவனைத் தனியாக நிறுத்தி சுகந்தி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மாமா, உங்க ஊர்ல டவர் இருக்குதா?"

"வரப்போவுதுன்னு சொல்லிட்டிருக்காங்க."

"எப்பலேர்ந்து?"

அழகேசன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "நான் பொறந்ததுலேர்ந்து," என்றான்.

பொய் சொல்லாத ஆள் என்று அந்த ஒரு பதிலில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் முடிந்து, இரண்டு போன், ஒரு பவர் பேங்க், வீடியோ எடுக்கிற ஸ்டாண்டு, வட்டமாக எரிகிற லைட்டு எல்லாவற்றையும் சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவில் துணி சுற்றி வைத்துக்கொண்டு மலை ஏறினாள்.

நெல்லிப்பாறையில் எல்லாரிடமும் போன் இருந்தது. ஆனால் அங்கே போன் என்பது டார்ச்சு, கடிகாரம், பாட்டுப்பெட்டி. பேச வேண்டுமென்றால் மலைப்பாதையில் வெகுதூரம் இறங்கி ஒரு குறிப்பிட்ட வளைவில், காற்று அடிக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பி நிற்க வேண்டும். ரேஷன் கடைக்காரர்கூட கைரேகை வைக்கிற மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வளைவுக்குத்தான் நடப்பார், கார்டு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கோவில் ஊர்வலம் மாதிரி அவர் பின்னால் நடப்பார்கள், ரேகை விழுந்ததும் அரிசி வாங்க மறுபடி மேலே ஏறுவார்கள். இதையெல்லாம் முதல் வாரம் சுகந்தி சிரித்துக்கொண்டு பார்த்தாள். அடுத்த வாரம் சிரிப்பு வரவில்லை. போனைக் கையில் எடுப்பாள், மேலே கோடு இல்லாத இடத்தைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். பதில் எழுதாமல் விட்ட சந்தேகங்கள் எங்கேயோ வரிசையாக நின்றுகொண்டிருப்பதுபோல நெஞ்சுக்குள் ஓர் உறுத்தல்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை, பாறையில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, குப்பாயியின் இடுப்பில் செருகியிருந்த பட்டன் போன் மணி அடித்தது.

அந்த ஊரில் ஒரு போன் தானாக மணி அடித்தது அதுதான் முதல் தடவை. குப்பாயி இடுப்பில் தேள் ஏறிய மாதிரி உதறினாள். அதற்குள் பக்கத்து வீட்டில் ஒன்று, மேட்டு வீட்டில் ஒன்று, மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்த ஒன்று, அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் இருந்த ஒன்று என்று ஊர் முழுக்க போன்கள் கத்தின. மழை விட்ட குட்டையில் தவளைகள் எழுப்புகிற சத்தம் மாதிரி செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. முந்தைய வருஷத்துப் பொங்கல் வாழ்த்து வந்தது, வேலைக்கு வந்து சேரச் சொன்ன கம்பெனியின் கடைசிக் கடிதம் வந்தது, என்றோ செத்துப்போன ஒரு சித்தப்பா தான் சுகமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டதாக அனுப்பிய சேதி வந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் மறுபடியும் அழுதார்கள்.

டவர் கட்டிவிட்டார்கள் என்று ஆண்கள் உச்சிப்பாறை வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு கம்பிகூட நட்டிருக்கவில்லை. மத்தியானம் சுகந்தி ஓடைக்குக் குளிக்கப் போனபோது ஊரில் எல்லாப் போனும் அடங்கின, ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களின் போன்கள் கத்தின. அவள் ஈரத்தலையோடு திரும்பி வந்தபோது டவரும் திரும்பி வந்தது. அழகேசன் அவளையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ கொஞ்சம் தோட்டத்துப் பக்கம் நடந்துட்டு வா," என்றான். அவள் காப்பிச் செடிகளுக்கு நடுவே நடக்க நடக்க, "மூணு கோடு... ரெண்டு கோடு... போச்சு, திரும்பி வா," என்று அவன் குரல் கொடுத்தான். சுகந்தி அதோடு விடவில்லை. கடையில் கற்ற முறைப்படி, சிம்மை மாற்றி, போனை மாற்றி, வெயிலில் நின்று, நிழலில் நின்று, தண்ணீரில் நின்று எல்லாம் சோதித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. டவர் அவளோடு நடந்தது.

ஒன்றுதான் அவளுக்கு வருத்தம். அவள் கை பட்ட போனில் மட்டும் டவர் இல்லை. அவளுடைய இரண்டு போன்களும் கல்யாணத்தன்றைக்கு இருந்த மாதிரியே வெறுமையாக இருந்தன. அடுத்தவர் போனை வேறு யாராவது பிடித்துக்கொண்டு அவள் காதில் வைத்தாலும், ஸ்பீக்கரில் போட்டு அவள் வாய் திறந்தாலும், எங்கோ அருவி விழுகிற மாதிரி இரைச்சல்தான் கேட்டது.

ஊரில் யாரும் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மருமகள் வந்த வருஷம் வற்றின கிணறு ஊறியிருக்கிறது, இன்னொரு மருமகள் வந்த வருஷம் மாடு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது, இவள் வந்த வருஷம் டவர் வந்திருக்கிறது. குப்பாயி மருமகளுக்குச் சூடம் சுற்றிப் போட்டு, யார் கண்ணும் படக்கூடாது என்று நெற்றி ஓரத்தில் மை வைத்தாள். ஊர்த்தலைவர் பெரியண்ணன் மறுநாளே ஆட்களைக் கூட்டி, ஓடைத் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி டவருக்கும் முறை வைத்தார். ரேஷன் போடுகிற நாளில் மருமகள் கடையில் இருக்க வேண்டியது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பொழுது, மேட்டுத் தெருவுக்கு ஒரு பொழுது, கீழ்த் தெருவுக்கு ஒரு பொழுது, மீதி நேரம் அவரவர் குப்பாயி வீட்டு வாசலுக்கு வந்து பேசிக்கொள்ள வேண்டியது.

போன இடத்திலெல்லாம் சுகந்திக்கு முக்காலி போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள், பலாச்சுளை உரித்து வைத்தார்கள், கோழி அடித்தார்கள். அவளும் சும்மா உட்காரவில்லை. ஒவ்வொருவர் போனையும் தொடாமல் எட்டி நின்று பார்த்து, இதை அமுக்குங்க, அதை அழிங்க, இந்த லிங்கைத் தொடாதீங்க என்று சொல்லிக்கொடுத்தாள். மிளகுக்கு எந்த ஊரில் என்ன விலை என்று பார்க்கிற விதத்தை அவள் சொல்லிக்கொடுத்த பிறகு, வாங்க வருகிற வியாபாரிகள் நெல்லிப்பாறை ஆட்களிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். பெரியண்ணனின் ஒரே மகன் கத்தாரில் வேலை பார்த்தான், போன நாளிலிருந்து அப்பனும் மகனும் பேசியது சொற்பம். இப்போது தினமும் முகம் பார்த்துப் பேசினார்கள். பேசுவதென்ன, பெரியண்ணன் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை போடுவார், அந்தப் பக்கம் மகன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் அப்படியே இருப்பார்கள்.

யார் பேசினாலும் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்ததால் ஊர் ரகசியமெல்லாம் அவள் காதில் விழுந்தது. வேடியப்பன் என்ற இளவட்டம் நாமக்கல்லில் இருக்கிற ஒரு பெண்ணோடு பேசுவதற்கு அவளைப் பலா மரத்தடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய், "அக்கா, காது கேக்காத மாதிரி இருந்துக்குங்க," என்பான். "எனக்குக் காது எப்பவோ போயிருச்சு, நீ பேசு," என்று சுகந்தி மரத்தின் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அவன் மூன்று வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாமல் தடுமாறும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் சிரித்தால் படம் பளிங்கு மாதிரித் தெளியும், சலித்துக்கொண்டால் குரல் உடையும், கண் அசந்தால் எல்லாம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் பகலில் அவள் கண் சொக்குகிற சமயம் பார்த்து யாராவது ஒரு டம்ளர் காப்பியோடு வந்து நின்றார்கள். அதில் அன்பும் இருந்தது, அவசரமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அவளுடைய அம்மா சரசு ஆத்தூரிலிருந்து தினமும் கூப்பிட்டாள். குப்பாயிதான் எடுத்துப் பேசுவாள். "சாப்பிட்டியான்னு உங்கம்மா கேக்குது," என்று போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொல்வாள். "சாப்பிட்டேன்னு சொல்லுங்க அத்தை." "சாப்பிட்டாளாம். மெலிஞ்சிருக்கியான்னு கேக்குது." "இல்லைன்னு சொல்லுங்க அத்தை." இப்படி ஒரு சொல் இரண்டு வாயில் நுழைந்து வருவதற்குள் அதன் சூடு ஆறிப்போயிருக்கும். பக்கத்தில் எப்போதும் யாராவது தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். இருக்கிற ஆட்களுக்கு முன்னால் சொல்லக்கூடியதை மட்டுமே சுகந்தி சொல்லியனுப்பினாள்.

ஆடி மாசம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்க அப்பா வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உதவித்தொகைக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட அதுதான் கடைசி வாரம் என்று வாத்தியார் கெஞ்சினார். அப்பா ஒருவேளைச் சாப்பாட்டோடு திரும்பினார். தலை தீபாவளியையும் ஆத்தூரில் கொண்டாட விடவில்லை. சம்பந்தி வீட்டார் இங்கேயே வரட்டும் என்று பெரியண்ணன் ஜீப் அனுப்பினார். அம்மாவும் அப்பாவும் பலகாரத் தூக்கோடு வந்தார்கள், ஊரே அவர்களைக் கொண்டாடியது, ஆனால் வெளியூரில் இருக்கிற சொந்தங்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஊர் முழுக்க அந்த வீட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்ததில் அம்மாவோடு தனியாக இரண்டு வார்த்தை பேச சுகந்திக்கு வழியில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு காப்பிக்கொட்டை ஏற்றிப் போன ஒரு ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்தது. வேடியப்பன் பைக்கில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு பறந்தான். அடிபட்டவர்கள் நடுவே அவள் நிற்க, நூற்றெட்டைக் கூப்பிட்டார்கள், ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது, எல்லாரும் பிழைத்தார்கள். பிழைத்தவர்களின் பெண்டாட்டிகள் வந்து அவள் காலைத் தொட்டார்கள். சுகந்தி காலை இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்துதான் அவளுக்குப் பயம் வந்தது. தான் எங்கே போனாலும், போன இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். ஓடைக்குக்கூட அவசரமாகப் போய் அவசரமாகத் திரும்பினாள். பெட்டியில் இருந்த வீடியோ ஸ்டாண்டில் பூஞ்சை பூத்துவிட்டிருந்தது.

அந்த நேரத்தில் அவள் முழுகாமல் இருந்தாள்.

வளைகாப்புக்கு நாள் நெருங்கியபோது, அது முடிந்த கையோடு பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போவதாகச் சரசு சொல்லியனுப்பினாள். ஊர் கூடியது, கோவில் களத்தில், நல்ல வெயிலில். வெளியூரில் இருக்கிறவர்களும் பேச வேண்டும் என்றதால் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருந்த இளவட்டங்களை வீடியோவில் கூப்பிட்டுப் போன்களைக் கல்மேல் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். அதற்காகவே சுகந்தியையும் நடுவில் முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவள் போகலாமா கூடாதா என்று பேசுகிற கூட்டத்துக்கு அவளே டவர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா இருக்காங்க, நாம இருக்கோம். அவங்கம்மா வந்து கூட இருக்கட்டும்," என்றார் பெரியண்ணன்.

"அக்கா போயிட்டா எங்கம்மா மொகத்த நான் எப்படிப் பாக்கறது?" என்றான் திருப்பூர்ப் போனிலிருந்து ஒருவன்.

"மறுபடியும் ஜீப் கவுந்தா?" என்றாள் ஒருத்தி. அவள் புருஷன் அன்றைக்குப் பிழைத்தவர்களில் ஒருவன். அவள் கேட்டதில் தப்பில்லை என்று சுகந்திக்கே தோன்றியது, தோன்றியதால் மனசு இன்னும் கலங்கியது. கல்மேல் இருந்த முகங்கள் திறந்த வாயோடு அப்படியே நின்றுபோயின.

பெரியண்ணன் குனிந்து, குழைவாகச் சொன்னார்: "கண்ணு, கொஞ்சம் மனச அமைதியா வெச்சுக்கம்மா. கட்டாவுது."

சுகந்தி மனசை அமைதியாக வைத்துக்கொண்டாள். முகங்கள் மறுபடி அசைந்தன. பிரசவமும் இங்கேயே என்று முடிவாயிற்று. அழகேசன் எழுந்து என்னவோ சொல்ல வந்தான். மிளகு வாங்குகிறவர்கள் எல்லாம் இப்போது அவன் போனுக்குத்தான் கூப்பிடுகிறார்கள், அந்த வரவில்தான் வீட்டுக்கு ஓடு மாற்றியிருந்தான். அந்த நினைப்பு குறுக்கே வந்து நின்றதோ என்னவோ, வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை சரசு வழக்கம்போலக் கூப்பிட்டாள். குப்பாயி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடி போனை எடுத்தாள். சுகந்தி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது.

"எப்படி இருக்கேன்னு கேக்குது உங்கம்மா."

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க அத்தை."

குப்பாயி சொல்லவில்லை. மருமகளையே பார்த்தாள். இத்தனை மாசமாக இரண்டு பேர் பேச்சை வாங்கி வாங்கிக் கைமாற்றி விட்டவள், முதல் தடவையாக, கொடுத்ததை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள்.

"சரசு, அவ அழறா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, குப்பாயி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம்," என்றாள், கொஞ்சம் விட்டு மறுபடி "ம்," என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மகனிடம் போனாள்.

"வண்டிய எடு. ஆத்தூர் போவணும். வளகாப்ப அங்கயே வெச்சுக்கலாம்."

"ஊருக்கு என்ன பதில் சொல்றது?"

"ஊருக்கு நான் சொல்லிக்கறேன். நான் என் தம்பி வீட்டுலேர்ந்து பொண்ணு கட்டிட்டு வந்தேன்டா. டவரா கட்டிட்டு வந்தேன்?"

அழகேசன் துடைக்கிற துணியை வண்டிமேல் போட்டான். பிறகு உள்ளே வந்து, சுகந்தியின் இரண்டு போன்களையும், பூஞ்சை பூத்த ஸ்டாண்டையும், வட்ட லைட்டையும் தானே துடைத்துப் பையில் வைத்தான். "நேத்தே நான் சொல்லியிருக்கணும்," என்றான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஜீப் சத்தம் கேட்டு ஊர் வந்து நின்றது. யாரும் மறிக்கவில்லை. குப்பாயி முன் சீட்டில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் மறிக்கவும் முடியாது. எல்லார் கையிலும் போன் இருந்தது, யாரும் பேசவில்லை. பெரியண்ணன் மட்டும் ஜன்னல் ஓரம் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"போயிட்டு வா கண்ணு. நேத்து நான் பேசுனத மனசுல வெச்சுக்காத." பிறகு தயங்கி, "பயலுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிக்கறேன். கொஞ்சம் நிக்கச் சொல்றியா?"

"பேசுங்க பெரிய மாமா," என்றாள் சுகந்தி.

அவர் மகனைக் கூப்பிட்டார். "இனிமே கொஞ்ச நாளைக்குப் பேச முடியாதுடா. ஒண்ணும் இல்ல, நல்லதுக்குத்தான். வெயில்ல தொப்பி போடு. சரியா சாப்புடு," என்று சொல்லிவிட்டு, சொல்ல வேறு ஒன்றும் கிடைக்காமல், படம் தெரிகிற வரைக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஜீப்பைச் சுற்றி நின்று திருப்பூருக்கும் பெங்களூருக்கும் நாமக்கல்லுக்கும் ஊர் மொத்தமும் விடை சொல்லிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் சுகந்தி போகச் சொல்லவில்லை.

ஊரைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் அவளுக்கு இடுப்பு கடுத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பாதை ஓரத்தில், புளிய மரத்து நிழலில், இரண்டு கல்லை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருந்தது. நிற்கிற ஆளின் மார்பு உயரம் இருந்தது. மேல்கல் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"இது என்ன அத்தை? கோவிலா?"

"சுமைதாங்கிக் கல்லு. ரோடு வர்றதுக்கு முந்தி தலைச்சுமையாத்தான எல்லாம் ஏறுச்சு. அடுத்த ஆளு கை குடுக்காம தானா எறக்கி வெக்கலாம், தானா தூக்கிக்கலாம். அதுக்குத்தான் இந்த ஒசரம்."

"யார் வெச்சாங்க?"

குப்பாயி அவள் வயிற்றைப் பார்த்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சொல்லலாமா என்று யோசித்தவள் போலத் தெரிந்தது. "வயித்துல புள்ளையோட ஒருத்தி போயிட்டான்னா, அவ பேர்ல வெப்பாங்க கண்ணு. அவ எறக்காமலே போன சுமைக்கு, வழியில போறவங்களாச்சும் எறக்கி வெச்சு இளைப்பாறட்டும்னு."

சுகந்தி கல்லுக்குப் பக்கத்தில் போனாள். யார் என்று பெயர் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தாள். இரண்டு கையையும் மேல்கல்லில் ஊன்றி, நெற்றியை அதன்மேல் வைத்தாள். கல் குளிர்ச்சியாக இருந்தது. கழுத்திலிருந்தும் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் ஏதோ ஒன்று நகர்ந்து, நெற்றி வழியாக, நிறைகுடத்தை அலுங்காமல் இறக்கி வைக்கிறபோது இறங்குவதுபோல மெல்ல இறங்கிப் போயிற்று. சத்தம் ஒன்றுமில்லை. புளிய மரத்து இலைகூட அசையவில்லை. அவள் நிமிர்ந்தபோது உடம்பு தன் எடை மட்டுமே இருந்தது, கூட ஒரு பிள்ளையின் எடையும்.

பைக்குள் அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்தாள். கை பட்ட பிறகும் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. மாசக்கணக்காக எங்கேயோ வரிசையில் நின்றிருந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எந்தப் போன் வாங்கலாம் அக்கா, சார்ஜ் நிக்க மாட்டேங்குது அக்கா, ஏன் வீடியோ போடறதில்ல அக்கா. அவள் அதையெல்லாம் தள்ளிவிட்டு அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

"அலோ, யாருங்க?" என்றாள் சரசு.

"அம்மா, நான்தான்."

"யாரு?"

"நான்தாம்மா. சுகந்தி."

இத்தனை நாளும் குப்பாயியின் குரலில் மகளைக் கேட்டுக் கேட்டு, மகள் குரலில் மகளைக் கேட்கச் சரசுவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சாப்பிட்டியா?" என்றாள் பிறகு.

"இல்லம்மா. பசிக்குது. காலு வீங்கியிருக்கு. பயமா இருந்துச்சு. இப்ப இல்ல. வந்துட்டிருக்கேன்," என்று சுகந்தி மூச்சு விடாமல் சொன்னாள். அழகேசனும் குப்பாயியும் எதுவும் காதில் விழாதவர்கள் போல வேறு பக்கம் திரும்பி நின்றார்கள்.

அடிவாரத்துக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது குப்பாயியின் போன் அடித்தது. பெரியண்ணன்.

"என்ன குப்பாயி, பாதியில திரும்பிட்டீங்களா? எங்க நிக்கறீங்க?"

"அடிவாரத்துல வடை தின்னுட்டிருக்கோம்."

"அப்ப இங்க எப்படி டவர் இருக்குது?"

குப்பாயி மருமகளைப் பார்த்தாள். சுகந்திக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் கையில் வடையோடு சிரிக்க ஆரம்பித்தாள். கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம புளியமரத்துக் கல்லுல எறக்கி வெச்சுட்டு வந்திருக்கறா," என்று குப்பாயி போனில் சொன்னாள். "பத்திரமாப் பாத்துக்குங்க."

பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாசம் சுகந்தி நெல்லிப்பாறைக்குத் திரும்பினாள். இடையில் ஊர், கல்லைச் சுற்றிச் சாணி தெளித்துச் சுத்தம் செய்து, மழைக்கு ஒரு தகரக் கூரையும் போட்டிருந்தது. ஓரிடத்தில் நிலைத்துவிட்டதாலோ என்னவோ டவர் முன்னைவிட வெகுதூரம் எட்டி ஊர் முழுக்க இருந்தாலும், கல்லில் முதுகு சாய்த்துப் பேசினால்தான் படம் பளிங்காகத் தெரிகிறது என்று அங்கே எப்போதும் நாலைந்து பேர் நின்றார்கள். ரேஷன் மிஷின் கடையிலேயே இருந்தது. மேலே டவர் கட்டுகிற விஷயம் இன்னும் வரப்போகிறதாகவே இருந்தது.

வந்த இரண்டாம் நாள், குழந்தை முதல் தடவையாகக் குப்புற விழுந்ததை அம்மாவுக்கு வீடியோவில் காட்ட வேண்டுமென்று சுகந்தி அதைத் தூக்கிக்கொண்டு புளிய மரத்தடிக்கு வந்தாள். கல்லில் சாய்ந்து பெரியண்ணன் மகனோடு இருந்தார். அவருக்குப் பின்னால் வேடியப்பன், அவனுக்குப் பின்னால் ரேஷன் கடைக்காரர். எல்லாரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முக்காலி எடுத்துவர யாரும் ஓடவில்லை.

"எனக்கு ஒரு நிமிஷம்தான்," என்றாள் சுகந்தி.

"வரிசையில வாங்கக்கா," என்றான் வேடியப்பன், தலையைத் திருப்பாமல்.

சுகந்தி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்காரருக்குப் பின்னால் போய் நின்றாள். வெயில் இதமாக இருந்தது. அவள் முறை வர வெகுநேரம் ஆகும் போலிருந்தது. ஆகட்டும் என்று அவள் மர நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டாள்.